சீட்டுக் கட்டும் நிகழ்தகவும்

கலைத்த கட்டிலிருந்து எந்தச் சீட்டு வரும் என்பது விதியின் செயலென்றே மாந்தர் நெடுங்காலம் எண்ணினர். அதிலும் ஓர் ஒழுங்குண்டு எனக் கண்டு எழுதிய முன்னோடிகளுள் ஒருவர், 1501 இல் பிறந்த இத்தாலிய மருத்துவர் கார்டானோ.

அவர் கைக்கொண்ட நெறி எளியது. சமவாய்ப்புடைய விளைவுகள் யாவற்றையும் எண்ணி, நாம் வேண்டும் விளைவுகளின் தொகையை அதனால் வகுத்தல் வேண்டும். இன்றைய கட்டில் 52 சீட்டுகள். அவற்றுள் ஆசு 4. ஆகவே ஆசு வருதற்குரிய நிகழ்தகவு 13 இல் 1. எடுத்த ஆசைத் திரும்ப வையாவிடின், எஞ்சிய 51 சீட்டுகளில் ஆசு 3 மட்டுமே. எனவே இரண்டும் அடுத்தடுத்து ஆசாக வருதற்கு 221 இல் 1 வாய்ப்பே உண்டு.

எனினும் இவ்வெண் அடுத்த சீட்டு எதுவென்று உரைப்பதன்று. பன்முறை எடுக்குங்கால் தோன்றும் விகிதத்தையே உரைப்பது. கணக்கறிந்த கார்டானோவும் சூதினால் பொருளும் காலமும் நன்மதிப்பும் இழந்ததாகத் தம் வரலாற்றில் எழுதினார். அவர் 1576 இல் மறைந்தார். அவருடைய சூதாட்ட நூல் 1663 இலேயே அச்சேறிற்று. அதற்குமுன், 1654 இல், பாஸ்கலும் பெர்மாவும் தம் கடிதங்களால் இக்கணிதத்தை வளர்த்துவிட்டனர். ஆட்ட மேசையிற் பிறந்த அக்கணக்கே பின்னர்க் காப்புறுதிக்கும் அடிப்படையாயிற்று.