தமிழ்த் திரைப்பட ஆராய்ச்சி

தமிழகத்தில் சலனப்படம் தோன்றி வளர்ந்த சரித்திரத்தையும், ஜனங்களின் வாழ்விலும் அரசியலிலும் அது விளைத்த மாறுதல்களையும் ஆராயும் துறை இது. ஆராய வேண்டிய பொருளில் பெரும்பகுதி அழிந்த பின்னரே ஆராய்ச்சி தொடங்கியது என்பது இதன் விசேஷம். தோல் வாணிபத்துக்குப் பேர்போன வேலூரில் 1885-இல் பிறந்த ஆர். நடராஜ முதலியார், புனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் படப்பிடிப்பு நுணுக்கங்களைக் கற்று, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஸ்டூடியோ அமைத்து எடுத்த ‘கீசக வதம்’ தென்னாட்டின் முதல் மௌனக் கதைப்படமாகக் கொள்ளப்படுகிறது. அதன் சுருள் எஞ்சாமையால், அது வெளிவந்தது 1916 என்பாரும் 1918 என்பாரும் இன்றும் உளர். சுருள் அழிந்ததில் வியப்பில்லை; பிலிம் பூச்சைத் தாங்கும் ஜெலட்டின் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் எடுக்கப்படுவது. அத்தகைய பண்டத்தை ஈரமும் வெப்பமும் என்ன செய்யும் என்பதை ஆம்பூர்த் தோல் ஷாப்புக்காரர் எவரும் சொல்லிவிடுவர்.

படம் போயினும் காகிதம் தங்கிற்று. திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28-இல் நாடெங்கும் சுற்றிய சினிமா விசாரணைக் குழு 353 பேரிடம் பெற்ற சாட்சியங்கள் அச்சிலேயே இருந்தும், சினிமாவைப் பொருட்படுத்துவது கௌரவக் குறைவு என்றெண்ணிய வித்வான்கள் அவற்றை நெடுங்காலம் புரட்டவில்லை. திரையுலகத்தார் ஆட்சிபீடம் ஏறிய பின்னரே, 1970-களில், அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் நடிகர்க்கும் கட்சிக்கும் உள்ள பந்தத்தை எழுதலானார். 1981-இல் இரு நூல்கள் வந்தன. ஒன்று, தபால் இலாகா அதிகாரியான தியடோர் பாஸ்கரன் பழைய அரசாங்க ஆவணங்களைத் துருவி, நாடகமும் சினிமாவும் தேசியப் பிரசாரம் செய்த வகையை விளக்கியது. மற்றொன்று யாழ்ப்பாணப் பேராசிரியர் கா. சிவத்தம்பியுடையது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்த்த முதற் கலையரங்கு சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இடத்தை நிர்ணயித்தது குலமன்று, டிக்கட் விலையே என்றும் அவர் கண்டது, இத்துறையில் இதுவரை சொல்லப்பட்டவற்றுள் ஆழமானது என்பது எம் கருத்து. எம்.ஜி.ஆர். பிம்பத்தை ஆராய்ந்த எம்.எஸ்.எஸ். பாண்டியன் நூல் 1992-இலும், மதுரை ஏழை ரசிகரைப் பற்றிய சாரா டிக்கி நூல் 1993-இலும் வெளிவந்தன.

கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமும் இவ்வாராய்ச்சிக்கு முக்கிய ஆதாரம். நடிகர் பட்டியலும் பாட்டுக்களும் தந்து, கதையைப் பாதியில் நிறுத்தி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும் அச்சிறு பிரசுரமே, சுருள் அழிந்த பல படங்களுக்கு இன்று சாட்சி. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அவற்றைச் சேகரித்துக் காக்கிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளின் பழம்பெட்டிகளில் அத்தகைய புத்தகமோ கொட்டகை நோட்டீசோ இருப்பின், எடைக்குப் போடாமல் அங்கே சேர்ப்பிக்க வேண்டும்.