ஈயத்தோடு வந்த மணல்

பேரா மாநிலத்தில் கிந்தா பள்ளத்தாக்குப் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு 'அமாங்' என்ற சொல் புதிதல்ல. ஈய லம்பங்களில் தண்ணீரைப் பீய்ச்சியடித்து மண்ணைக் கரைப்பார்கள். கரைந்த சேற்றைப் பம்பு வைத்து மேலே ஏற்றி, 'பாலோங்' என்னும் நீண்ட மரவாய்க்காலில் ஓடவிடுவார்கள். இலேசான மணல் நீரோடு போய்விடும். கனமானது அடியில் தங்கும். அப்படித் தங்குவது ஈயக் கல் மட்டுமல்ல. கறுப்பும் பழுப்புமாக வேறொரு மணலும் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும். ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற அந்த மணல்தான் அமாங். வெகுகாலம் அதைக் கழிவென்று ஒதுக்கிக் குவித்து வைத்தார்கள். அந்தக் குவியலுக்குள் இருந்த பொருள்களில் ஒன்று சிர்கான். அதனுள் அடங்கியிருக்கும் உலோகம் சிர்கோனியம். இன்று நாம் பேசப்போவது இந்த இரண்டின் கதையைத்தான்.

கதை இலங்கையில் தொடங்குகிறது. அங்கே ஆற்றுப்படுகைகளில் கிடைத்த சிர்கான் கற்களை நகைகளில் பதிப்பது நெடுநாளைய வழக்கம். நிறமில்லாத கற்களுக்கு 'மாத்தறை வைரம்' என்றே வணிகர்கள் பெயர் சூட்டியிருந்தார்கள். ஊர்ப்பெயர் உண்மை, வைரம் என்பது வணிகர் சொன்னது. அத்தகைய இலங்கைக் கல் ஒன்றை 1789-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் கிளாப்ரோத் என்ற வேதியியல் அறிஞர் ஆராய்ந்தார். அதுவரை யாரும் அறியாத ஒரு பொருள் அதில் இருப்பதைக் கண்டு சொன்னார். அதே மனிதர், அதே ஆண்டில், இன்னொரு கனிமத்திலிருந்து யுரேனியத்தையும் கண்டறிந்தார். இந்த இரண்டும் ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஒரே இடத்தில் சந்திக்கப் போகின்றன என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

பொருள் இருப்பது தெரிந்ததே தவிர, உலோகத்தைத் தனியே எடுப்பது எளிதாக இல்லை. 1824-இல் சுவீடன் நாட்டுப் பெர்சீலியஸ் எடுத்தது வெறும் கறுப்புத் தூள். வளைக்கவும் தட்டவும் கூடிய தூய சிர்கோனியத்தை 1925-இல்தான் ஹாலந்து நாட்டு அறிஞர்கள் வான் ஆர்க்கலும் டி போயரும் பெற்றார்கள். நூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன, பாருங்கள்!

ஆனால் மணலுக்கு அந்தக் காத்திருப்பு தேவைப்படவில்லை. சிர்கான் மணல் கடும் சூட்டையும் எளிதில் தாங்கும். ஆகவே உருக்கிய இரும்பை வார்க்கும் அச்சுகளுக்கும், கண்ணாடி காய்ச்சும் உலைகளின் செங்கற்களுக்கும் அது பயன்பட்டது. சிர்கோனியமும் ஆக்சிஜனும் சேர்ந்த சிர்கோனியா என்ற பொருள் உருகுவதற்குச் சுமார் 2,700 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். இரும்பு உருகுவது 1,538 பாகையில். ஜெர்மன் அறிஞர் நெர்ன்ஸ்ட் 1897-இல் உருவாக்கிய மின்விளக்கில் எரிந்த கோல், பெரும்பாலும் இந்தச் சிர்கோனியாவால் ஆனது. நல்ல வெளிச்சம்தான். ஆனால் கோலை முதலில் சூடேற்றினால்தான் எரியும். இழை விளக்குகள் முன்னேறியதும் அது மறைந்துவிட்டது.

நம் வீடுகளுக்குள் சிர்கான் வந்தது வேறு வழியில். குளியலறையில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் தொட்டியையும், சுவரில் பதித்த வெள்ளை ஓடுகளையும் நினைத்துப் பாருங்கள். அந்த வெண்மை எங்கிருந்து வருகிறது? மாவாக அரைத்த சிர்கானை மேற்பூச்சில் கலக்கிறார்கள். அது ஒளியைச் சிதறடித்து அடியிலுள்ள களிமண் நிறத்தை மறைத்துவிடுகிறது. முற்காலத்தில் இந்த வேலையைச் செய்து வந்தது ஈய ஆக்சைடு. விலை மலிவு என்பதால் இருபதாம் நூற்றாண்டில் சிர்கான் அந்த இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. லம்பத்தில் ஈயத்துக்குப் பின்னால் கழிவாக வந்தது, பீங்கான் ஆலையில் ஈயத்தையே வெளியே அனுப்பிவிட்டது!

இனி உலோகத்துக்கு வருவோம். 1940-களில் லக்சம்பர்க் நாட்டவரான குரோல், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மக்னீசியத்தின் உதவியால் சிர்கோனியத்தைப் பெருமளவில் தயாரிக்க வழி செய்தார். அப்போது அமெரிக்கக் கடற்படை அணுசக்தியால் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலைக் கட்ட முனைந்திருந்தது. யுரேனிய எரிபொருளைப் பொதிந்து வைக்க ஓர் உலோகம் வேண்டும். அது வெந்நீரில் துருப்பிடிக்கக் கூடாது. அணுவைப் பிளக்கும் நியூட்ரான் துகள்களை விழுங்கவும் கூடாது. சிர்கோனியம் இரண்டுக்கும் பொருந்தியது. ஆனால் ஒரு சிக்கல். சிர்கான் மணலில் ஆஃப்னியம் என்னும் உலோகமும் ஓரிரு விழுக்காடு மறைந்திருக்கும். 1923-இல் கோப்பன்ஹேகன் நகரில் கண்டுபிடிக்கப்பட்ட அது, சிர்கோனியத்தைவிட 500 மடங்குக்கும் மேலாக நியூட்ரான்களை விழுங்கும். இரட்டைப் பிள்ளைகளைப்போல் இருக்கும் இந்த இரண்டையும் பிரித்தெடுத்த பிறகே வேலை நடந்தது. 1954-இல் 'நாட்டிலஸ்' கப்பல் நீரில் இறங்கியது. பிரித்த ஆஃப்னியமும் வீணாகவில்லை. உலையின் வேகத்தை அடக்கும் கோல்களாக அது பயன்பட்டது.

இப்படித்தான் கிளாப்ரோத் கண்ட இரண்டு பொருள்களும் ஒன்றாயின. தமிழ்நாட்டுக் கல்பாக்கத்து மின் உலைகளிலும் யுரேனியம் சிர்கோனியக் கலவைக் குழாய்களுக்குள்தான் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் சிர்கான் உண்டு.

இந்த உலோகத்துக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. தண்ணீர் குறைந்து உலை அளவு மீறிச் சூடேறினால், சிர்கோனியம் நீராவியோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். 1979-இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் அது நேர்ந்தது. 2011-இல் ஜப்பானின் ஃபுக்குஷிமாவில் உலைக் கட்டடங்கள் வெடித்துச் சிதறியதும் அந்த வாயுவால்தான்.

பெண்மணிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. 1970-களில் சோவியத் அறிஞர்கள் சிர்கோனியாவை உருக்கிப் பளிங்குக் கற்களாக வளர்க்கும் முறையைக் கண்டார்கள். கடைகளில் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று தோட்டிலும் மூக்குத்தியிலும் மின்னுவது பெரும்பாலும் அதுதான். அணிவதில் தவறில்லை, அழகான கல். வைர விலை கொடுத்து வாங்குவதுதான் தவறு. வைரத்தின் மேல் வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் கணத்தில் மறையும். இந்தக் கல்லில் சற்று நேரம் நிற்கும். ஒரே அளவுள்ள வைரத்தைவிட இது ஒன்றரை மடங்குக்கும் அதிக எடையுள்ளது. ஆயினும் சேமிப்பைப் போட்டு வாங்குமுன் கருவி வைத்துச் சோதித்துத் தரும் கடையை நாடுவதே நல்லது. இதே சிர்கோனியாவைப் பல் மருத்துவர்களும் உறைப்பற்களுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

மீண்டும் அமாங்குக்கு வருவோம். அதிலிருந்து சிர்கானைப் பிரிக்கப் பட்டறைகள் எழுந்தன. காந்தம் இல்மனைட்டையும் மோனசைட்டையும் இழுத்துக்கொள்ளும், சிர்கானை இழுக்காது. மின்சாரம் ஈயக் கல்லில் பாயும், சிர்கானில் பாயாது. இந்த வேறுபாடுகளை வைத்தே பிரித்தார்கள். 1985-இல் அனைத்துலக ஈயச் சந்தை சரிந்து லம்பங்கள் மூடப்பட்டபோது அமாங் வரத்தும் சுருங்கியது. ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும்தான் இன்று சிர்கானை மிகுதியாகத் தருகின்றன.

இந்த வேலையில் காய்ந்த மணல் தூசியாகப் பறக்கும். அமாங்கிலுள்ள மோனசைட்டில் கதிர்வீசும் தோரியம் இருக்கிறது. சிர்கானிலும் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் உண்டு. ஆகவே தூசி மூச்சோடு உள்ளே போகக் கூடாது. அமாங் பட்டறைகள் 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டதற்கு இதுவே காரணம். ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982 முதல் அமாங்கின் மோனசைட்டைக் கொண்டு அருமண் உலோகங்களைப் பிரித்த ஆலை ஒன்று இயங்கியது. தங்கள் உடல்நலம் கெடுகிறது என்று சுற்றுப்புற மக்கள் 1985-இல் வழக்குத் தொடுத்தார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டது. எனினும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. அதன் தோரியக் கழிவுகள் இன்று கிளெடாங் மலைப்பகுதியில் புதைத்து வைக்கப்பட்டுள்ளன.