மாடு சினை நிற்கவில்லையா? ஊசிக்கு முன் தீவனத்தைப் பாருங்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் எந்த ஊருக்குப் போனாலும், "நாலு ஊசி போட்டாச்சு சார், மாடு சினை நிக்கல" என்ற பேச்சுதான் முதலில் வருகிறது. ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீவனச் செலவு வீண். அலுத்துப்போய் நல்ல கலப்பின மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள்.

பருவத்துக்கே வராத மாடு வேறு, வந்தும் சினை நிற்காத மாடு வேறு. சிகிச்சையும் வேறுதான்.

கன்று ஈன்ற மாடு, தின்பதைவிட அதிகமான சத்தைப் பாலில் கொடுத்துவிடும். உடம்பு கரையும், சூலகம் வேலையை நிறுத்திக்கொள்ளும். கரிசல் காட்டுக் கோடையில் காய்ந்த சோளத்தட்டைதான் தீவனம். அதில் புரதமும் மணிச்சத்தும் குறைவு. பயிருக்கு டி.ஏ.பி. போடுகிறோமே, அதிலுள்ள அதே மணிச்சத்துதான் மாட்டுக்கும் வேண்டும். விலா எலும்பு தெரியும் மாட்டுக்கு ஹார்மோன் ஊசி போட்டாலும் பலன் குறைவே. முதலில் குடற்புழு நீக்கம் செய்யுங்கள். பிறகு தவிடு, புண்ணாக்குடன் தினமும் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுங்கள். கல் உப்பைப் போட்டுவிட்டு, தாது உப்பு கொடுத்ததாகச் சொல்பவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல.

பருவத்துக்கு வரும் மாட்டில் வழும்பைக் கவனியுங்கள். கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். காலையில் பருவம் தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் சினை ஊசி போடலாம். வழும்பு கலங்கியோ சீழ் கலந்தோ வந்தால் ஊசி வேண்டாம். கருப்பைக்குத்தான் வைத்தியம் தேவை. மூன்று முறை நிற்காவிட்டால், பரிசோதனை செய்யாமல் நாலாவது ஊசி போடாதீர்கள். வெயில் காலத்தில் பல மாடுகள் கத்தாமலே பருவத்துக்கு வரும். விடியற்காலையிலும் இரவிலும் ஒருமுறை பின்பக்கம் பாருங்கள்.

ஈன்ற சில வாரங்களில் சிறுநீர் காபி நிறத்தில் போனால் அது அவசரம். மணிச்சத்துக் குறைவாலும் வரலாம், உண்ணிக் காய்ச்சலாலும் வரலாம். மருந்து வெவ்வேறு என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். உடனே 1962க்கு அழையுங்கள்.

கன்று ஈன்ற நாள், நஞ்சுக்கொடி தானாக விழுந்ததா, பருவத்துக்கு வந்த நாள், ஊசி போட்ட நாள் ஆகியவற்றைத் தொழுவச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான். ஊசி போட்ட 60 முதல் 90 நாளுக்குள் சினைப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.