முறுக்கினால் எரியும்

மேசை டிராயரைச் சுத்தம் செய்தபோது சின்னதாக ஒரு டார்ச் கிடைத்தது. ஒரு விரல் நீளம், கறுப்பு அலுமினியம், பிடிக்கிற இடத்தில் சொரசொரப்பு. கம்பெனிப் பெயர் இல்லை, எண் இல்லை, பட்டன்கூட இல்லை. பின்புறத்தை அழுத்தினேன், உள்ளங்கையில் தட்டினேன், எரியவில்லை. தூக்கிப் போடுமுன் செல்லையாவது எடுத்து வைப்போம் என்று தலையைத் திருகினேன். கழற்றுவதற்குப் பதில் அவசரத்தில் இறுக்கிவிட்டேன். பளிச்சென்று கண்ணில் அடித்தது.

இந்த வகைக்குத் தலைதான் சுவிட்ச். மரை இறுகினால் மின்சுற்று சேரும், தளர்ந்தால் அறும். முறுக்கினால்தான் எரியும். 'டார்ச்' என்ற பெயரின் பொருளும் அதுவேதான்.

ஆங்கிலத்துக்கு அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். பிரெஞ்சுக்கு லத்தீன் கொடுத்தது. 'டார்க்குவேரே' என்றால் லத்தீனில் முறுக்குதல். நாரை முறுக்கி மெழுகில் தோய்த்துக் கொளுத்தினார்கள்; முறுக்கப்பட்டது என்ற பொருளிலேயே பெயர் நின்றுவிட்டது. அந்த வேரின் மற்ற பிள்ளைகளும் நம் வாயில் புழங்குகிறவைதான். பைக் வாங்கப் போனால் விற்பவர் சொல்லும் 'டார்க்' முறுக்குவிசை. 'டார்ச்சர் பண்ணாதே' என்கிறோமே, அது உடம்பை முறுக்கும் வதை.

நம் பக்கம் வந்தால் தீவட்டி. தீயும் வட்டியும் சேர்ந்த சொல்போலத் தோன்றும். கடன்காரர்களுக்குப் பொருத்தமாகவும் இருக்கும். ஆனால் மூலம் 'தீபவர்த்தி'. அது தீவர்த்தியாகித் தீவட்டியானது. வர்த்தி என்றால் உருட்டித் திரட்டியது, அதாவது திரி. 'சுழல், திரும்பு' என்ற பொருளுள்ள வடமொழி வேரில் பிறந்தது. ஊதுவத்தியிலும் மெழுகுவத்தியிலும் இருக்கும் 'வத்தி'யும் இதுவே. தமிழுக்கென்றே இருக்கும் 'திரி'யும் வேறு வழியில் போகவில்லை. கயிறு திரிப்பது என்றால் முறுக்குவது. பஞ்சைத் திரித்தால் விளக்குத் திரி. ஒரு சொல் உருமாறுவதை இலக்கணக்காரர்கள் 'திரிபு' என்பதும் இந்தத் திரியை வைத்துத்தான். மூன்று மொழிகளும் விளக்குக்குப் பெயர் தேடியபோது வெளிச்சத்தைப் பார்க்கவில்லை, முறுக்கிய கையைப் பார்த்திருக்கின்றன.

அமெரிக்கர்கள் மட்டும் வேறு பக்கம் பார்த்தார்கள். டேவிட் மிசெல் என்ற ஆங்கிலேயர் நியூயார்க்கில் வாங்கிய காப்புரிமை 1899 ஜனவரி 10-ஆம் தேதி வெளியானது: ஒரு குழாய்க்குள் மூன்று செல், முனையில் பல்பு. அதைச் செய்து விற்ற கம்பெனி கான்ராட் ஹியூபர்ட்டுடையது; பின்னாளில் 'எவரெடி' என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. அன்றைய கரி இழை பல்பு மின்சாரத்தைக் குடித்துத் தீர்த்தது, செல்லோ பலவீனம். தொடர்ந்து எரிய விட முடியாது, அழுத்திப் பளிச்சென்று பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அதனால் 'பிளாஷ்லைட்'. டங்ஸ்டன் இழை வந்து அந்தக் குறை தீர்ந்த பிறகும் பெயர் போகவில்லை.

நாம் பிரிட்டிஷ்காரர்களின் டார்ச்சை எடுத்துக்கொண்டு, போதாதென்று ஒரு 'லைட்'டையும் ஒட்டிக்கொண்டோம். கிராமத்தில் அது 'பேட்டரி லைட்டு'; உள்ளே போடுவது 'கட்டை'. 2019-இல் மக்கள் நீதி மய்யத்துக்குத் தேர்தல் ஆணையம் ஒதுக்கிய சின்னம் 'பேட்டரி டார்ச்'. பிரசாரத்தில் அது 'டார்ச் லைட்' ஆகிவிட்டது. ஈழத்தில் 'ரோச் லைற்' என்று எழுதுவார்கள். டகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்ற பழைய விதிக்கு அந்த எழுத்தில் இன்னும் மரியாதை இருக்கிறது. 'கைமின்விளக்கு' என்ற ஆக்கச்சொல்லும் உண்டு. கடையில் அப்படிக் கேட்டு வாங்கிய யாரையும் நான் பார்த்ததில்லை.

என் டார்ச்சுக்கு வருகிறேன். சற்றுத் தளர்த்தி உடனே மறுபடி இறுக்கினால் வெளிச்சம் குறைகிறது. இன்னொரு முறை செய்தால் விட்டுவிட்டு மின்னுகிறது. இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் ஆனது. யார் செய்ததென்பது இன்றுவரை தெரியவில்லை. உள்ளே இருந்தது சாதாரணப் பென்சில் செல், 1.5 வோல்ட்.

இப்படிப் பெயரில்லாத டார்ச் உங்களுக்கும் கிடைக்கலாம். இறுக்குவதற்கு முன் செல்லைப் பாருங்கள். '14500' என்று போட்டிருக்கும் லித்தியம் செல் பென்சில் செல்லின் உருவத்திலேயே இருக்கும்: 14 மி.மீ. குறுக்களவு, 50 மி.மீ. நீளம், எண்ணே அளவைச் சொல்லிவிடுகிறது. ஆனால் அது 3.7 வோல்ட். அந்த டார்ச் அதைத் தாங்கும் என்று தெரிகிறவரை செல் வெளியிலேயே இருக்கட்டும்.