உதறிவிட்டுப் போகும் உரிமை

திருமகள் திருமணத் திட்டம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். சுமங்கலித் திட்டம் என்று சொன்னால் உங்களுக்கு உடனே பிடிபடும். திண்டுக்கல், கோவை, ஈரோடு வட்டாரத்து நூற்பாலைகள் கல்யாணமாகாத பெண்களைச் சேர்த்த முறை அது. மூன்று வருஷம் ஆலை விடுதியில் தங்கி வேலை பார்த்தால், முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும். 1961-லேயே சட்டம் தடுத்த வரதட்சணைக்கு நூற்பாலையில் சீட்டுப் போட்ட மாதிரி.

கன்னிவாடியில் பிறந்து சட்டம் படித்தவள் நான். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 17, 18, 19 ஆகிய பிரிவுகள் பொய் சொல்லி வாங்கும் சம்மதத்தைப் பற்றியவை. அவற்றின் உதாரணங்களில் வருவது அவுரி ஆலையும் குதிரையும்தான். பெண் என்று பார்த்தால், அப்பனிடம் குதிரை வாங்கும் ஒரு மகள் வருகிறாள்!

தெரிந்தே ஏமாற்றினால் மோசடி, 17-ஆம் பிரிவு. தான் நம்பிய ஒன்றையே, போதிய ஆதாரமில்லாமல் அடித்துச் சொல்லி, அது பொய்யாகிப்போனால் 18-ஆம் பிரிவு. எங்கள் பக்கத்துக் கதை பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். ஆள் சேர்க்க வந்தவர் வெளியூர்த் தரகர் மட்டுமல்ல. பக்கத்துத் தெரு மதினியாகவும் இருப்பார். "எட்டு மணி நேர வேலைதான், நல்ல சாப்பாடு, நம்ம பிள்ளைகளோடதான் இருப்பே" என்று அவர் நம்பித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த மொத்தத் தொகை, மாதச் சம்பளத்தில் பிடித்துவைத்த காசு. நீண்ட ஷிப்டு, விடுதியை விட்டு வெளியே போகத் தடை, பாதியில் வந்தால் பிடித்த பணம் கிடைக்காமல் போவது: இவற்றையெல்லாம் நெதர்லாந்தின் சோமோ அமைப்பும் இந்தியா கமிட்டியும் 2011-இல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

ஏமாந்தவருக்கு 19-ஆம் பிரிவு இரண்டு வழி தருகிறது. ஒப்பந்தத்தை உதறலாம். அல்லது, சொன்னது உண்மையாக இருந்திருந்தால் தான் எந்த நிலையில் இருந்திருப்போமோ அந்த நிலையில் தன்னை வைக்கும்படி கேட்கலாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு: சாதாரண கவனத்தோடு விசாரித்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால் 18-ஆம் பிரிவின் பாதுகாப்பு போய்விடும். விடுதிக்குள் போகாமல் ஒரு பதினைந்து வயதுப் பெண் எதை விசாரிப்பாள்?

பதினைந்து வயது என்றால் ஒப்பந்தமே கிடையாது என்பது வேறு விஷயம். மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் 1903-லேயே சொல்லிவிட்டது. அது கல்கத்தாவில் வீட்டை அடமானம் வைத்த ஒரு பையனைக் காப்பாற்றிய தீர்ப்பு.

உதறிவிட்டுப் போகும் உரிமை கூலிக்காரருக்கு என்றைக்கு இருந்தது? 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டப்படி, முன்பணம் வாங்கிய வேலையாள் வேலையை விட்டால் மாஜிஸ்திரேட் அவரைத் திரும்பப் போகச் சொல்லலாம், இல்லாவிட்டால் பணத்தைக் கட்டச் சொல்லலாம். மறுத்தால் மூன்று மாதம் வரை சிறை. 1872-இல் ஒப்பந்தச் சட்டம் வந்த பிறகும் அது அப்படியே இருந்தது. அவுரி ஆலை வாங்கி ஏமாந்தவருக்குச் சிவில் நீதிமன்றம், கங்காணி பேச்சை நம்பித் தோட்டத்துக்குப் போனவருக்கு ஜெயில். 1925-இல்தான் அதை நீக்கச் சட்டம் செய்தார்கள். அங்கே முன்பணம் ஆளைக் கட்டிப்போட்டது, இங்கே கொடுக்காத பின்பணம். ஜெயில் தேவைப்படவில்லை. இரண்டரை வருஷச் சம்பளம் ஆலையிடம் இருக்கும்போது யார் கிளம்புவார்கள்?

கடைசியில் கொஞ்சமாவது அசைந்தது கூலிச் சட்டத்தின் வழியாகத்தான். இந்தப் பெண்களை ஆலைகள் 'பயிற்சியாளர்' என்று எழுதிவைத்திருந்தன. நூல் அறுந்தால் முடிச்சுப் போட மூன்று வருஷப் பயிற்சியாம். 2008-இல் தமிழக அரசு நூற்பாலைப் பயிற்சியாளருக்கும் நாளுக்கு 110 ரூபாய் குறைந்தபட்சக் கூலி என்று நிர்ணயித்தது. ஆலை முதலாளிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2009-இல் அவர்கள் மனுக்கள் தள்ளுபடியாயின. மொத்தத் தொகை 40,000 என்றால் நாளுக்கு 37 ரூபாய்கூட வராது, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வாய்வார்த்தையாகத் தந்த வாக்கும் சட்டத்தின் முன் வாக்குதான், ஆனால் நிரூபிப்பது கஷ்டம். திருமகள் படம் போட்ட அந்தப் பழைய நோட்டீஸ் உங்கள் வீட்டுப் பீரோவில், அம்மாவின் டிரங்குப் பெட்டியில் எங்காவது கிடந்தால் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.