செய்து பார் என்றார்கள்

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பியதும், அமெரிக்கா தனது பாடசாலைகளின் விஞ்ஞானப் பாடங்களைத் திருத்தத் தொடங்கியது. மனனம் செய்வதை விட்டுச் செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்பதே அத்திருத்தங்களின் சாரம். அந்த அலையில் 1958இல் கொலராடோவில் உருவான உயிரியல் பாடத்திட்டக் குழுவே, 1980களின் பிற்பகுதியில் ‘ஐந்து ஈ’ முறையை வகுத்தது. ஆர்வமூட்டல், தேடிப்பார்த்தல், விளக்கல், விரித்தல், மதிப்பிடல் என ஆங்கிலத்தில் ‘ஈ’ எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகள்.

இருபது ஆண்டுகள் கழித்து, 2007இல், அதே முறை இலங்கையின் 6ஆம், 10ஆம் வகுப்புகளுக்கு வந்தது. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டிருந்தது. கடைகளில் அரிசிக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற காலம். அப்போது எமது ஆசிரியர்களிடம் பிள்ளைகளைத் தேடிப்பார்க்க விடுங்கள் என்றார்கள். எதைக் கொண்டு?

இது முதற் தடவையுமல்ல. 1972இன் சீர்திருத்தம் ஒருங்கிணைந்த விஞ்ஞானத்தை இடைநிலை வகுப்புகளில் எல்லாருக்கும் பொதுவாக்கியது. ஆய்வுகூடத்தையே காணாத கிராமப் பாடசாலைகளுக்கு அது நல்ல நோக்கந்தான். ஆனால் 1971இலிருந்தே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வாழ்க்கை என்றானபோது, மாணவர்கள் பரிசோதனையை அல்ல, கடந்தகால வினாத்தாளையே நாடினார்கள். ரியூட்டரிகள் நிறைந்தன. 1977இல் ஆட்சி மாறியபின் புதிய பரீட்சை முறையும் கைவிடப்பட்டது. ஆசிரியர்கள் மாற்றத்தை விரும்பாதவர்கள் என்று எழுதுவோர் இவற்றையும் சேர்த்து எழுத வேண்டும்.

தேடிப்பார்க்கும் மனம் எம்மிடம் இல்லாமற் போகவில்லை. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். சுற்றும் கை தளர்ந்தால் செய்தியும் தேய்ந்தது. காந்தமும் கம்பிச்சுருளும் மின்னைப் பிறப்பிப்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகம் காட்டும்? ஆனால் அதற்குப் பரீட்சையில் புள்ளி இல்லை.

இன்று நியூ ஜேர்சியில் எமது பிள்ளைகள் படிப்பதும் இதன் அடுத்த வடிவமே. 2014இல் மாநிலம் ஏற்ற புதிய விஞ்ஞானத் தராதரங்கள், 2016இல் 6ஆம் வகுப்புக்கும் அதற்கு மேலும், 2017இல் கீழ் வகுப்புகளுக்கும் நடைமுறைக்கு வந்தன. கேள்வி கேட்டல், மாதிரி அமைத்தல், சான்றோடு வாதிடல் ஆகியவையும் இங்கே பாடம். உணவகக் குசினியில் வேலை முடித்துவரும் நாமோ கொப்பியைத் திறந்து, “நோட்ஸ் எங்கே?” என்கிறோம். இது எம்மைக் காப்பாற்றிய பழக்கம், எளிதில் விடாது. ஆனாலும் பிள்ளையிடம் ஒருநாள் அந்த டைனமோவைப் பற்றிச் சொல்லலாம். அது ஏன் அப்படி வேலை செய்தது என்று பிள்ளையே விளக்கட்டும்.