கடல் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காதீர்கள்: சிமெலு தீவு சொல்லும் பாடம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும், கடலுக்கு அப்பால் காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் அன்று உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. ஆனால் அதன் பிறகு பிறந்த நம் பிள்ளைகளுக்குச் சுனாமி என்பது பாடப் புத்தகத்தில் வரும் ஒரு சொல் மட்டுமே. அவர்களுக்கு நாம் என்ன சொல்லி வைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை.

அன்று நடந்தது என்ன?

இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு, இந்தோனேசியாவின் சுமத்ரா தீவை ஒட்டிய கடலடியில் 9.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. சுமார் 1,300 கி.மீ. நீளத்திற்குப் பூமித்தட்டின் விளிம்பு பிளந்து, கடலின் அடித்தளம் மேலெழும்பியது. அதன் மேலிருந்த நீர் முழுவதும் தள்ளப்பட்டுப் பேரலைகளாகப் பரவியது.

ஆழ்கடலில் சுனாமி அலை மணிக்கு 700 கி.மீ.க்கும் அதிகமான வேகத்தில் செல்லும். அங்கே அதன் உயரம் மிகக் குறைவு. மேலே படகில் இருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. கரையை நெருங்கி ஆழம் குறையும்போது வேகம் தணிந்து, உயரம் கூடும்.

ஆச்சே கரையை அலை அரை மணி நேரத்திற்குள் அடைந்தது. இலங்கையின் கிழக்குக் கரைக்கும் தமிழகக் கரைக்கும் வர ஏறத்தாழ 2 மணி நேரம் ஆனது. அந்த அவகாசம் இருந்தும் நமக்குச் சொல்ல ஆளில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பே கிடையாது. தமிழகத்தில் சுமார் 8,000 பேரும், இலங்கையில் 30,000க்கும் அதிகமானோரும் உயிரிழந்தனர். இலங்கையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேல்.

சிமெலு மக்கள் தப்பியது எப்படி?

நிலநடுக்கம் தோன்றிய இடத்திற்கு மிக அருகில் இருந்த தீவு சிமெலு. சில நிமிடங்களில் அலை வந்துவிட்டது. வீடுகள் அழிந்தன. ஆனால் சுமார் 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே.

காரணம், 1907-ல் அதே தீவைத் தாக்கிய ஒரு சுனாமி. அப்போது பலரை இழந்த மக்கள் அதை ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டு, கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். பூமி பலமாக ஆடி, பின் கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் செய்தி. 97 ஆண்டுகளுக்குப் பிறகு, ‘ஸ்மோங்’ என்ற ஒரு கூக்குரல் கேட்டதும் ஊரே மலை ஏறியது.

முதல் அலையோடு முடிவதில்லை

இலங்கையின் பெரேலியவில் முதல் அலையால் ஒரு ரயில் நின்றது. அதுவே பாதுகாப்பு என்று நம்பி ஊர் மக்களும் அதில் ஏறினர். சில நிமிடங்களில் வந்த பெரிய அலை ரயிலையே புரட்டிப் போட்டது. 1,000க்கும் அதிகமானோர் மாண்டனர். சுனாமி அலைகள் இடைவெளி விட்டுப் பல மணி நேரம் வரக்கூடும்; பின்னால் வருவது முதல் அலையை விடப் பெரிதாகவும் இருக்கலாம்.

இன்று எச்சரிக்கை உண்டு

2007 முதல் ஹைதராபாத்தில் உள்ள இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் இரவு பகலாக இயங்குகிறது. ஆனால் நம் கரைக்கும் சிமெலுவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தொலைவில் நடக்கும் நிலநடுக்கத்தை நாம் உணராமலே போகலாம். எனவே பூமி ஆடட்டும் என்று காத்திருக்க முடியாது. அரசு அறிவிப்பையும் கடலின் மாற்றத்தையும் கவனிக்க வேண்டும்.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது எச்சரிக்கை விடப்பட்டது. பூமித்தட்டு பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. ஆனால் பண்டா ஆச்சேயில் எல்லோரும் வண்டியை எடுத்ததில் சாலைகள் அடைபட்டன. அலை வந்திருந்தால் அந்த நெரிசலே ஆபத்தாகியிருக்கும்.

குடும்பத்தில் பேசி வைக்க வேண்டியவை

1. கடல் திடீரென உள்வாங்கினாலோ, வழக்கத்திற்கு மாறாகப் பொங்கினாலோ, பெரும் இரைச்சல் கேட்டாலோ, அறிவிப்புக்குக் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். மீன் பொறுக்கவோ படம் எடுக்கவோ நிற்காதீர்கள்.

2. முடிந்தவரை நடந்தே செல்லுங்கள். மேட்டு நிலத்துக்கோ, கடலை விட்டு 2, 3 கி.மீ. உள்ளேயோ போகலாம். நேரமில்லையென்றால் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மேல்மாடி.

3. ஆற்று முகத்துவாரம், உப்பங்கழி வழியாகவும் நீர் ஊருக்குள் பாயும். அந்தப் பக்கம் ஓடாதீர்கள்.

4. ஆழ்கடலில் படகில் இருப்பவர்கள் அவசரப்பட்டுக் கரை திரும்ப வேண்டாம்.

5. வயதானவர்களையும் நடக்க இயலாதவர்களையும் யார் அழைத்துச் செல்வது, பிரிந்து போனால் எங்கே சந்திப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

6. ஆபத்து நீங்கியது என்று அதிகாரிகள் அறிவிக்கும் வரை பொருட்களை எடுக்கத் திரும்பாதீர்கள்.

கடலோர ஜமாஅத்துகள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் எச்சரிக்கையை யார் அறிவிப்பது என்று இப்போதே தீர்மானித்து வைக்கலாம். மதரஸா பிள்ளைகளை ஒருமுறை மேட்டுப் பகுதி வரை நடத்திக் கூட்டிச் சென்று வழியைக் காட்டலாம். ஐ.நா. சபை நவம்பர் 5-ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக அறிவித்திருக்கிறது. அந்த நாளிலாவது, 2004-ல் அலையைக் கண்ட நம் வீட்டுப் பெரியவர்கள் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து, தாம் பார்த்ததைச் சொல்லட்டும்.